மான் என்ன சொல்லும்?

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவது எத்தனை சுலபம் என்பது ஊருக்கே தெரியும். அந்த தேசத்தில் ஒரு ஆசாமி, இருநூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிற மானைப் படுக்க வைக்கக்கூடிய டெலஸ்கோப் ரைஃபிளை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் போகிறார். வில்லிலும் நவீனம் உண்டு. மிஸௌரிக்காரர் ஹாலஸ் ஆலன் 1969-ல் பேட்டன்ட் வாங்கிய காம்பவுண்ட் வில்லில் கப்பி, கம்பி, குறி பார்க்க ஊசி எல்லாம் உண்டு. முழுசாக இழுத்துப் பிடித்த பிறகு பாரத்தில் பெரும்பகுதியைக் கப்பியே தாங்கிக்கொள்ளும். அதுவும் வேண்டாமாம் நம் ஆளுக்கு. கட்டை, நாண், அம்பு, மூன்று விரல். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்களை ‘ட்ரெடிஷனல்’ வேட்டைக்காரர்கள் என்கிறார்கள். இவர்களில் நாலு பேர் சேர்ந்தால் ஓயாத ஒரு சண்டை உண்டு. லாங்போவா, ரிகர்வா?

‘நமக்கென்ன சார் இதில்?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். இங்கே 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையை நிறுத்திவிட்டது. வில்லைத் தூக்கிக்கொண்டு முதுமலைப் பக்கம் போனால் ஜெயில்தான். ஆனாலும் இந்தச் சண்டைக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. சுலபமான வழி கையில் இருக்கும்போது, வேண்டுமென்றே கஷ்டமான வழியில் போவது எப்போது நேர்மை? எப்போது வெறும் ஜம்பம்?

முதலில் இரண்டு வில்லையும் பார்த்துவிடலாம். லாங்போ என்பது ஆள் உயரத்துக்கு நெருங்கிய, கிட்டத்தட்ட நேரான வில். நாண் பூட்டினால் ஒரே வளைவு. ராபின் ஹூட் படங்களில் வருவது. ரிகர்வ் அதைவிடக் குட்டை. அதன் இரண்டு நுனிகளும் எதிர்ப்பக்கமாக, வில்லாளியை விட்டு விலகி வளைந்திருக்கும். ஒலிம்பிக்கில் தீபிகா குமாரி பிடிக்கிறாரே, அந்த ஜாதி (அதில் குறி பார்க்கும் சாதனங்கள் உண்டு, வேட்டைக்காரர் அதையும் கழற்றி வைத்துவிடுவார்). அந்த எதிர்வளைவு கொஞ்சம் கூடுதல் சக்தியைச் சேமித்து வைக்கிறது. அதனால் ஒரே பலத்தில் இழுத்தாலும் ரிகர்வின் அம்பு சற்று வேகமாகப் போகும். புதருக்குள் புகுந்து வரவும் சௌகரியம். லாங்போவுக்கு வேறு குணங்கள். நாண் வில்லின் நுனிகளில் பட்டு அடிக்காததால் சத்தம் கம்மி. கை கொஞ்சம் திருகிவிட்டாலும் அதிகம் கோபித்துக்கொள்ளாது.

இரண்டு கட்சிக்கும் தலைவர்கள் உண்டு. லாங்போவுக்கு ஹோவர்ட் ஹில். 1938-ல் எரால் ஃப்ளின் நடித்த ராபின் ஹூட் படத்தின் அம்பு வித்தைகளுக்குப் பின்னால் இருந்தவர். யானையையே அம்பால் வீழ்த்தியவர். ரிகர்வுக்கு ஃப்ரெட் பேர். மிச்சிகனில் வில் கம்பெனி நடத்தி, வில்லில் ஃபைபர் கிளாஸ் ஒட்டி, சாமானியன் வாங்குகிற மாதிரி விற்றவர். எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் மாதிரிதான், ரசிகர்கள் வயதானாலும் சண்டைக்கு வயசாகவில்லை.

லாங்போ கட்சியின் முக்கியமான வாதம், ‘எங்களுடையதுதான் ஒரிஜினல், அதனால் அதுதான் நேர்மை.’ இது நிற்காது. கொம்பும் நரம்பும் மரமும் சேர்த்து ஒட்டிய எதிர்வளைவு வில்லை ஆசியப் புல்வெளிக் குதிரை வீரர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் இந்த வில் பைத்தியத்துக்கு வித்திட்ட கதையே போதும். 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில், பசியில் மெலிந்த ஒரு செவ்விந்தியர் காட்டிலிருந்து வெளியே வந்தார். யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதர். மற்றவர்களை வெள்ளைக் குடியேறிகள் தீர்த்துக்கட்டியிருந்தார்கள். அவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. ‘மனிதன்’ என்ற பொருளில் இஷி என்று கூப்பிட்டார்கள். சான்பிரான்சிஸ்கோ மியூசியத்தில் தங்க வைத்தார்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் சர்ஜனாக இருந்த சாக்ஸ்டன் போப் அவருக்கு வைத்தியம் பார்க்க வந்து, வில் வித்தைக்குச் சிஷ்யராகிவிட்டார். இஷி காச நோயில் 1916-ல் இறந்துபோனார். போப் 1923-ல் எழுதிய வில் வேட்டைப் புத்தகம்தான் இன்றுவரை இவர்களுக்கு வேதம்.

அந்தப் புத்தகத்தின்படி இஷியின் வில் குட்டையானது. நுனிகளைச் சூடான கல்லின் மேல் வைத்துப் பின்பக்கமாக வளைத்திருந்தார்! குருவின் வில்லில் எதிர்வளைவு. சிஷ்யர் டாக்டர் போனதோ இங்கிலீஷ்காரனின் லாங்போவுக்கு. இதில் எது பாரம்பரியம், யாருடைய பாரம்பரியம்? இன்று விற்கிற லாங்போவிலும் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ்தான் ஒட்டியிருக்கிறது. பழமையை வைத்து நேர்மையை அளந்தால் இப்படித்தான் கணக்கு உதைக்கும்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. ‘கஷ்டமான கருவியை எடுத்தால் மிருகத்துக்குத் தப்பிக்கச் சந்தர்ப்பம் கிடைக்கிறது, அதுதான் தர்மம்.’ ஸ்பானிய தத்துவ ஆசிரியர் ஒர்த்தேகா ஈ காஸெத் 1940-களில் வேட்டையைப் பற்றி எழுதியபோது, மனிதன் தன் பலம் முழுவதையும் காட்டாமல் தானே குறைத்துக்கொள்வதுதான் வேட்டையை வேட்டையாக வைத்திருக்கிறது என்கிற மாதிரி வாதாடினார். பெர்னார்ட் ஸூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-ல் விளையாட்டு என்றால் என்ன என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தேவையில்லாத தடைகளை நாமே போட்டுக்கொண்டு தாண்டப் பார்ப்பதுதான் விளையாட்டு என்பது அவர் கட்சி. கோல்ஃப் பந்தைக் கையால் எடுத்துக் குழியில் போட்டால் வேலை முடிந்தது. குச்சியால் தட்டிக்கொண்டு போவானேன்?

சரிதான். ஆனால் கோல்ஃபில் தட்டுவது தப்பினால் நஷ்டம் தட்டினவருக்கு. குழிக்கு ரத்தம் வராது. அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியில் கொல்வதில்லை. பிளேடு போல் கூரான முனையால் அறுத்து, ரத்தம் இழக்க வைத்துக் கொல்கிறது. நுரையீரலில் சரியாகப் பாய்ந்தால் மான் சில நொடியில் விழுந்துவிடும். ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பாய்ந்தால் மணிக்கணக்கில் சாகும். வேட்டைக்காரர் தன் மேல் சுமத்திக்கொண்ட கஷ்டத்தின் பில்லை மான் கட்டுகிறது. ‘சந்தர்ப்பம் கொடுத்தேன்’ என்று இதை மானிடம் சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் துப்பாக்கியே உத்தமமா? கறிதான் நோக்கம் என்றால், ஆமாம் என்றுதான் சொல்வேன். (பிராய்லர் கோழியை அரைக் கிலோ வெட்டி வாங்கி வந்துவிட்டு வேட்டைக்காரனைத் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அது வேறு கட்டுரை.) ஆனால் வில் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கஷ்டத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில் இருக்கிறது அது. அம்பு விடுகிற கணத்தில் வைத்தால் மான் பில் கட்டும். அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் வைத்தால் வேட்டைக்காரர் கட்டுவார்.

ஒரு சின்னக் கணக்கு. ரிகர்வின் அம்பு வினாடிக்கு 180 அடி, லாங்போ 170 என்று வைத்துக்கொள்வோம். மான் 20 கஜத்தில், அதாவது 60 அடியில் நிற்கிறது. ரிகர்வ் அம்பு போய்ச் சேர 0.33 வினாடி, லாங்போவுக்கு 0.35. நாண் சத்தம் அதற்கு வெகு முன்னால், வினாடியில் இருபதில் ஒரு பங்கில், மானின் காதுக்குப் போய்விடும். பயந்த மான் துள்ளி ஓடக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். குறி தவறுவதும், வயிற்றில் பாய்வதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். இரண்டு வில்லுக்கும் உள்ள வித்தியாசம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இதற்குத்தான் இத்தனை வருஷச் சண்டை.

இப்போது அதே லாங்போக்காரர் இன்னும் ஐந்து கஜம் ஊர்ந்து போகட்டும். 45 அடிக்கு 0.26 வினாடி. ரிகர்வைத் தூக்கி அடித்தாயிற்று! வில்லை மாற்றி மிச்சம் பிடிப்பதைப் போல நாலு மடங்குக்கு மேல். ஆனால் அந்த ஐந்து கஜம் சும்மா வராது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காய்ந்த சருகு எங்கே கிடக்கிறது, மான் தலையை எப்போது குனியும் என்று பார்த்துப் பார்த்து அரை மணி நேரம் ஆகும். பாதியில் மான் ஓடிப்போகும். ஓடினால் ஓடட்டும், அது முழு மானாக ஓடுகிறதே.

இஷியைப் பற்றி போப் சொல்வதும் இதுதான். தூரத்து டார்கெட்டில் இஷி பிரமாதமான வில்லாளி இல்லையாம். தோட்டத்துப் போட்டி வைத்தால் நம் டாக்டரே ஜெயித்திருப்பார். ஆனால் குந்தி உட்கார்ந்து, வாயால் குரல் கொடுத்து மிருகத்தைக் கிட்டே வரவழைத்து, தப்ப முடியாத தூரம் வரும்வரை காத்திருக்க இஷிக்குத் தெரியும். அவருக்கு அது தர்ம விசாரம் இல்லை, சாப்பாடு.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான் வேட்டை வில்லுக்கு இத்தனை பவுண்டு இழுபலமாவது இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கின்றன. கருவிக்குச் சட்டம் போட முடிகிறது, பொறுமைக்கு எப்படிப் போடுவது? ‘இந்த மானை விட்டுவிடலாம்’ என்று நாணைத் தளர்த்துகிற ஆளை எந்த வனத்துறை அதிகாரியும் பார்ப்பதில்லை.

சரி, கடைக்குள் நிற்கிறவருக்கு என்ன சொல்வது? இரண்டையும் இரவல் வாங்கி, பதினைந்து கஜத்தில் ஒரு ரப்பர் மானை நிறுத்தி, ஒரு மாதம் அடித்துப் பார்க்கச் சொல்வேன். விடியற்காலையில், விரல் விறைத்திருக்கும்போது. ஒவ்வொரு நாளும் முதல் அம்பு எங்கே பாய்ந்தது என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். காட்டில் ஒத்திகை அம்பு கிடையாது. மீதி இருபத்தொன்பதை நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளலாம்.