பாவையும் சர்வோவும்

கொல்லிமலைச் செம்மேட்டில் சாமை அறுத்த காட்டில் மாடல் விமானத்தைப் பறக்கவிடும் முன், அதன் வாலுக்குப் பின்னால் குந்திக்கொள்வேன். முன்னால் நின்றால் இடம் வலம் குழம்பும். ரிமோட்டின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் ஏலரான் மேலே எழ வேண்டும், இடது இறங்க வேண்டும். ஸ்டிக்கை என் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேல்நோக்க வேண்டும். மாறியிருந்தால் அதை அசைக்கும் சர்வோ மோட்டாரை ரிமோட்டில் ரிவர்ஸ் செய்துவிட்டுத்தான் மறுவேலை.

இந்த மலையில் இதைச் செய்கையில் கொல்லிப்பாவை நினைவு வராமல் இருக்காது. தானே அசைந்து, சிரித்து, பகைவரை மயக்கிக் கொல்லும்படி அமைக்கப்பட்ட பதுமை அவள் என்பது கதை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவள் வருகிறாள். அவள் கொன்றால் பாவம் யாருக்கு? சைவ சித்தாந்தம் உயிரை வெறும் சர்வோவாக விடுவதில்லை. இயக்குபவன் இறைவன், விருப்பமும் வினைப்பயனும் உயிருக்கு என்கிறது. நெடுநாள்வரை எனக்கு அது வழக்காடித் தப்பிப்பதுபோலவே பட்டது.

ஃபெயில்சேஃப் சோதனையில் கொஞ்சம் பிடிபட்டது. ப்ரொபெல்லரைக் கழற்றி, மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணைக்கிறேன். சிக்னல் அறுந்ததும் மோட்டார் நிற்கிறது. கை விலகிய பிறகும் அது செய்வது நான் பதித்துவைத்ததைத்தான். தனக்கென்று ஒரு விருப்பம் அதற்கில்லை. உயிருக்கு உண்டு, வினைக்கணக்கும் அதனால்தான். பாவைமேல் பாவம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இங்குள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கும்பிடுகிறவர்கள் இந்த வழக்கையே ஏற்கமாட்டார்கள். அவர்களுக்கு அவளை யாரும் செய்யவில்லை.