இரண்டு இரவு ஆட்டமும் பாலாற்றுக் கணக்கும்

நடனக் கொண்டாட்டம் ஒன்றுக்காக நண்பர்கள் சிலர் வெள்ளிக்கிழமை இரவு வெளிநாட்டுக்குப் பறந்து, திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பிவிடும் பயணம், ஓரளவு வசதியுள்ள தமிழ்நாட்டு இளைஞருக்கும் இப்போது எட்டக்கூடியதாகிவிட்டது. 2023 நவம்பர் முதல் இந்தியருக்கு விசா தேவையில்லை எனத் தாய்லாந்து அறிவித்ததும், சென்னையிலிருந்து பாங்காக்குக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் போய்விட முடிவதும் இதற்குத் துணைசெய்தன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரமோ சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் இருப்பதால், இரண்டு விமான நிலையங்களும் அதற்குத் தொலைவில்லை. இப்பயணம் அறத்துக்கு ஒத்ததா என்ற கேள்வியை இவ்வட்டாரத்தில் வைத்து எழுப்புவது பொருந்தும். ஒருவர் அடையும் ஆதாயத்துக்கு மற்றொருவர் விலை கொடுக்கலாமா என்பதை உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த வழக்குகளுள் ஒன்று இங்கிருந்து சென்றதே.

ஊதாரித்தனம் என்பதுதான் ஊரில் எழும் முதல் கண்டனம். அதை நெடுநேரம் எடைபோட வேண்டியதில்லை. உழைத்த காசில் ஆடிக் களிப்பது குற்றமாகாது. தோல் கண்காட்சிகளுக்காக மிலானுக்கும் ஹாங்காங்குக்கும் பறக்கும் ஏற்றுமதியாளரை எவரும் ஊதாரி என்பதில்லை; ஆட்டத்துக்காகப் பறக்கும் இளம்பெண்ணை மட்டும் தெருவே பேசுகிறதென்றால், அங்கே எடைபோடப்படுவது செலவு அன்று.

வலுவான கண்டனம் வேறு. சென்னையிலிருந்து பாங்காக் போய்வர ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். சாதாரண வகுப்பில் செல்லும் ஒருவரின் பங்காகச் சுமார் 400 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. சராசரி இந்தியர் ஒருவருக்கு ஓராண்டுக்குக் கணக்கிடப்படும் அளவு ஏறக்குறைய 2 டன் என்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு வார இறுதி எடுத்துக்கொள்கிறது. பத்து நாள் தங்கினாலும் விமானப் புகை அவ்வளவே. ஆகவே தங்கும் நாள் குறையக் குறைய, ஒரு நாள் இன்பத்துக்கு ஆகும் சேதம் ஏறுகிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி, தான் போகாவிட்டாலும் விமானம் பறக்கத்தான் போகிறது என்பது. பாலாற்றங்கரைக்கு இது பழகிப்போன வாதம். பச்சைத் தோல் அழுகாதிருக்கப் போடப்படும் உப்பு, தோல் பதனிடும் ஆலையான டேனரியின் ஊறல் தொட்டியில் கரைந்து கழிவுநீரோடு வெளியேறுகிறது; பதனிடும் கட்டத்தில் குரோமியம் சேர்கிறது. தனித்தனியே பார்த்தால் எந்த ஒரு டேனரியும் ஆற்றைக் கெடுத்ததாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் கிணறுகள் உவர்த்துப் போயின, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாது போனதென்று நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்ற நெறியை நிலைநிறுத்தியதோடு, யார் எத்தனை துளி விட்டார் என்று அளந்துகொண்டிராமல், ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. அந்நியச் செலாவணி ஈட்டுவதனால் தீங்கு செய்யும் உரிமை வந்துவிடாது என்றும் அது கருதியது. செலாவணிக்கே கிடைக்காத சலுகையை ஓர் இரவு ஆட்டத்துக்குக் கேட்பது கடினம்.

அந்நெறி வானத்தை இன்னும் எட்டவில்லை. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரியில்லை. அவற்றின் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்வதில்லை. பயணச்சீட்டு மலிவாக இருப்பதற்கு இவ்விலக்கும் ஒரு காரணம். பழி முழுவதையும் பயணியின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது உண்மையே. ஆனால் சட்டம் கேளாத கடன் கடனே இல்லை என்று ஆகிவிடாது.

மரம் நடச் சிறு தொகை கொடுத்து இக்கடனைத் தீர்த்துவிடலாம் என்போரும் உண்டு. பாலாற்று அனுபவம் இங்கே எச்சரிக்கை செய்கிறது. 2001-இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என வகுக்கப்பட்டும், நிலுவையை வழங்குமாறு 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அங்கேயாவது கெட்ட கிணற்றைக் காட்டவும், அதற்கு உரியவர் பெயரைப் பட்டியலில் எழுதவும் முடிந்தது. வெப்பமேறிய காற்றால் இழப்பவர் எந்த நாட்டில், எந்தத் தலைமுறையில் இருக்கிறார் என்று காட்ட வழியில்லாததால், பின்னால் ஈடுசெய்வதாகச் சொல்லிவிட்டு முன்னால் செலவிடும் உரிமையும் இங்கே மெலிந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்று, ஒரு வாரம் தங்கி, அந்நாட்டையும் பார்த்துவிட்டு வருபவர்க்காக வாதாட இடமுண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இரவுக்காகப் பறப்பவர்க்காக, அதுவும் ஆட்ட அரங்குகள் பெங்களூரிலேயே நிறைந்திருக்கையில், வாதாடுவது அரிது.