வேல் முதலில், மயில் பிறகு

முருகா சரணம். வேலும் மயிலும் துணை.

முண்டியம்பாக்கத்துல பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டுல இறங்கி மயிலம் மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பழைய உறுத்தல் எனக்குக் கூடவே வரும்.

எட்டாம் வகுப்பில் எங்களோடு படித்த ஒரு பையனுக்குப் பேச்சு திக்கும். அவன் எழுந்து வாசிச்சா, கடைசி பெஞ்சு பசங்க நாலு பேர் அதே மாதிரி திக்கிக் காட்டுவாங்க. கிளாஸே சிரிக்கும். நானும் சிரிச்சேன். சார் அவனைப் பார்த்து, "விளையாட்டுக்குத்தானடா பண்றாங்க, இதுக்குப் போய் அழுவியா?" என்றார். அந்த வருஷம் பாதியிலேயே அவன் பள்ளிக்கூடம் வர்றதை நிறுத்திட்டான்.

மயிலத்தில் சூரபத்மன் மயில் வடிவ மலையாகி முருகனை நோக்கித் தவம் இருந்தான் என்பது தலபுராணம். எதிரியையே வாகனமாக்கிய கருணை என்று நாமும் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அதை வைத்தே சிலர் கேட்பாங்க: "கொடுமை பண்ற பையனும் குழந்தைதானே, மன்னிச்சு விட்டா என்ன?"

கந்தபுராணத்தில் எது முதலில் நடந்தது என்று பாருங்க. முதலில் வீரபாகுத்தேவர் தூது போகிறார். சிறையில் இருக்கிற தேவர்களை விடுதலை செய் என்பதுதான் கோரிக்கை. சூரன் கேட்கவில்லை. போர் வந்தது. மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. அதுக்கு அப்புறம்தான் மயிலும் சேவலும். அடைபட்டவங்களைப் பற்றிய பேச்சு முதலில், கொடுமையை நிறுத்துவது அடுத்து, கருணை கடைசியில்.

நம்ம பள்ளிகளில் இந்த வரிசை தலைகீழாகிடுது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை, அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதுக்கு முன்னாடியே அவன் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். பள்ளியில் புகாரும் கொடுத்திருந்தான். அப்படின்னா புகாரை வாங்கி வைப்பதோடு ஆசிரியர் வேலை முடியவில்லை. சொன்ன பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குப் பத்திரமாகப் போகிறானா என்று பார்ப்பதும் அவர் கடமைதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் நல அலுவலர்களை நியமிக்கணும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அந்த மாணவனோ ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்து 600க்கு 469 மார்க் எடுத்தான்.

இன்னொன்றும் சொல்லணும். வம்பு பண்ணின பையனை எல்லார் முன்னாடியும் அடித்து அவமானப்படுத்தினால் அவன் திருந்த மாட்டான். "பெரியவன் சின்னவனை அடிக்கலாம்" என்கிற அதே பாடத்தைத்தான் திரும்பப் படிப்பான். வேல் பிளந்தது ஆணவத்தை. மயிலுக்குச் சுமக்கும் பொறுப்பு கிடைத்தது. தண்டனைக்குப் பிறகு அவனுக்கும் ஒரு பொறுப்பு, ஒரு இடம் கொடுக்கணும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்படி நடந்தா மறைக்காதீங்க. ஒரு ஆசிரியர் கேட்கலைன்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லுங்க. 14417, 1098 இரண்டு எண்ணுக்கும் கூப்பிடலாம். பக்கத்துல இருந்து பார்க்கிறவங்க, தயவுசெய்து சிரிக்காதீங்க. நான் சிரிச்ச சிரிப்புக்கு மன்னிப்பு கேட்க, அவன் இப்போ எங்கே இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்காவது இதை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!