இடும்பன் சுமந்தது யாருடைய பாரம்?

ஓம் சரவணபவ 🙏

தைப்பூசம் நெருங்கினாலே நம்ம குரூப்ல ஒரு கேள்வி தவறாம வரும். "லீவு கிடைக்கல, ரிலீஸ் இருக்கு, பாதயாத்திரை போக முடியல. முருகன் கோவிச்சுக்குவாரா?" நானும் சாப்ட்வேர் வேலையில இருக்கிறவன்தான், அதனால இந்தத் தவிப்பு எனக்கும் தெரியும். ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இடும்பன் கதையிலிருந்து வந்தா இன்னும் நல்லா புரியும்.

பழனி படி ஏறுறப்போ பாதி வழியில இடும்பன் சன்னதி வரும். நம்மள்ல நிறைய பேர் ஒரு கும்பிடு போட்டுட்டு மேல ஓடிடுறோம். கொஞ்சம் நின்னு யோசிங்க. சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் இடும்பன் தனக்காகவா தூக்கினான்? அகத்தியர் கேட்டார், அதனால தூக்கினான். குரு சொன்ன வேலையை முடிக்கணும்னு தோள்ல கம்பை வச்சு, பாம்புகளைக் கயிறாக்கிச் சுமந்து வந்தான். திருவாவினன்குடியில இறக்கி வச்சவனால திரும்பத் தூக்க முடியல. மேல நின்ன சிறுவனோட சண்டை போட்டு விழுந்தான். அப்புறம் அந்தச் சிறுவனே அருள் செஞ்சு எழுப்பினான். அவன் தோள்ல இருந்த பாரம்தான் இன்னைக்கு நம்ம காவடி.

அதாவது, முதல் காவடியில இருந்தது இன்னொருத்தருக்காகச் சுமந்த பாரம். இதை எனக்கு நேர்ல காட்டினவர் எங்க பெரியப்பா.

அவருக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஊர். மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார். ரெண்டு ஏக்கர்ல முருங்கையும் தக்காளியும் போடுவார். தைப்பூச நேரத்துல திண்டுக்கல் ரோட்டுல நடந்து வர்ற பக்தர்களுக்கு ராத்திரி சுக்கு காபி, கால் கழுவ வெந்நீர், தேய்க்க எண்ணெய் கொடுப்பார். பந்தல்ல முருகன் படம் மட்டும்தான் இருக்கும், அவர் பேர் எங்கேயும் இருக்காது. திங்களூர்ல அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வச்சப்போ தன் பேரை வைக்கல, அதுவரைக்கும் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பேரைத்தான் வச்சார். பெரியப்பாவும் அந்த வழிதான்.

விடிஞ்சதும் ஒரு சாக்கை எடுத்துக்கிட்டு ரோட்டோரம் கிளம்பிடுவார். பேப்பர் கப், பிளாஸ்டிக் பை எல்லாத்தையும் பொறுக்குவார். "சாமி பேரைச் சொல்லி குடிச்ச கப்பு, பக்கத்துக் காட்டு மாடு வயித்துக்குள்ள போகக் கூடாது தம்பி"ன்னு சொல்வார்.

அவர் கடை வேலையை நான் உக்காந்து பார்த்திருக்கேன். எரிஞ்சு போன மோட்டாரைப் பிரிச்சு, பழைய கம்பியை எடுத்து, எத்தனை சுற்றுன்னு எண்ணிக் குறிச்சு வச்சுக்குவார். பள்ளங்களைச் சுத்தம் பண்ணி, பேப்பர் சொருகி, அதே கனத்துல புதுச் செம்புக் கம்பி சுத்துவார். அப்புறம் வார்னிஷ் ஊத்தி, உள்ள குண்டு பல்பு எரியவிட்டுக் காய வைப்பார். எண்ணுறப்போ யார்கிட்டயும் பேச மாட்டார். பார்த்தா ஜபம் பண்ற மாதிரியே இருக்கும்.

"விலை குறைஞ்ச கம்பியைப் போட்டா யாருக்குப் பெரியப்பா தெரியும்?"னு ஒரு தடவை கேட்டேன்.

"மோட்டார் மறுபடி எரியுற வரைக்கும் யாருக்கும் தெரியாது"ன்னு சொல்லிட்டு, பழனி இருக்கிற மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். "அவனுக்கு இப்பவே தெரியும். கூலி வாங்குறதுல பாவமில்ல தம்பி. சுத்துல ஏமாத்துறதுதான் பாவம்."

ஒரு வருஷம் அவர் மாலை போட்டு, காவடிக் குழுவோட கிளம்பத் தயாரா இருந்தார். அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தவங்க எரிஞ்ச மோட்டாரோட வந்து நின்னாங்க. வீட்டுக்காரர் இல்லாதவங்க. தக்காளி காய்க்கிற நேரம், தண்ணி பாஞ்சு மூணு நாள் ஆச்சு. மத்த கடையெல்லாம் பூசத்துக்காகச் சாத்தியாச்சு. பெரியப்பா குழுவைப் பார்த்து, "நீங்க முன்னால போங்கப்பா"ன்னுட்டார். ராத்திரி முழுக்க காயில் கட்டினார். மறுநாள் காய வச்சு, கிணத்துல மாட்டி, தண்ணி வாய்க்கால்ல ஓடுறதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினார். சுமார் 30 கிலோமீட்டர் தனியாவே நடந்தார். போய்ச் சேர்ந்தப்போ தேரோட்டம் முடிஞ்சிருந்துச்சு.

இதுல அற்புதம் ஒண்ணும் நடக்கல. அந்த அக்கா தோட்டத்துல பாதிச் செடிதான் பிழைச்சுது. "தேர் பார்க்க முடியலேன்னு வருத்தம் இல்லையா?"ன்னு கேட்டேன். "இருந்துச்சு. இல்லேன்னா பொய். ஆனா அந்தச் செடி வாடிக்கிட்டிருக்க, நான் தேர் வடம் பிடிச்சிருந்தா கை வடத்துல இருக்கும், மனசு கிணத்துல இருக்கும்"னார்.

அன்பர்களே, இதை "வேலைதான் வழிபாடு, கோயிலுக்குப் போக வேண்டாம்"னு எடுத்துக்காதீங்க. பெரியப்பா மாலையைக் கழட்டல, நடையை விடல. தாமதமானாலும் போய் நின்னார். தேரை விட்டது சோம்பலாலயோ, ஓடிடியில படம் பார்க்கிறதுக்காகவோ இல்ல. இன்னொருத்தர் பாரம் தன் தோள்ல இருந்துச்சு. அந்த வித்தியாசத்தை நம்ம மனசாட்சிகிட்ட நாமதான் கேட்டுக்கணும்.

அதனால இந்தத் தைப்பூசத்துக்கு மூணு விஷயம் வைராக்கியமா எடுத்துக்குவோம்.

1. யாரும் பார்க்காத இடத்துல வேலை சுத்தமா இருக்கட்டும். நம்ம எழுதுற கோடும் மோட்டாருக்குள்ள இருக்கிற கம்பி மாதிரிதான். ரிவ்யூ பண்றவர் கவனிக்காம விட்டாலும் அவன் பார்க்கிறான்.

2. பாதயாத்திரை போறவங்க, குடிச்ச கப்பைக் கையோட எடுத்துட்டுப் போய்க் குப்பைத் தொட்டியில போடுங்க. போக முடியாதவங்க, ஒரு காலைப் பொழுது ரோட்டோரம் சுத்தம் பண்ணப் போங்க.

3. அடுத்த தடவை பழனி ஏறுறப்போ இடும்பன் முன்னால ஒரு நிமிஷம் நில்லுங்க. "யாருடைய பாரத்தை நான் சுமக்கிறேன்?"னு உங்களையே கேளுங்க.

பதில் உடனே வரலேன்னாலும் பரவாயில்ல. கேட்டுக்கிட்டே படி ஏறுங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!