ஆற்றங்கரையும் அனுமதிப்பத்திரமும்

தன் காணியில் வீடு கட்டுவதற்கு ஒருவன் பிறருடைய அனுமதியை ஏன் பெற வேண்டும்? தனியுடைமையைப் புனிதமாகப் போற்றும் ஒரு சமுதாயத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. காணி அவனுடையது, கல்லும் சீமெந்தும் அவன் பணத்தில் வாங்கியவை, கூலியும் அவனே கொடுக்கிறான். இடையிலே அரசாங்கக் கந்தோருக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். மேட்டு நிலத்துக் காணியைப் பொறுத்தவரை இவ்வினாவில் ஓரளவு நியாயம் உண்டெனலாம். ஆற்றங்கரைக்கு வந்ததும் அது முற்றிலும் வேறொரு வினாவாகிவிடுகிறது. ஆறு எவருடைய காணிக்குள்ளும் அடங்கி நிற்பதில்லை. மேலே ஒருவர் செய்வதைக் கீழே இன்னொருவர் அனுபவிக்கிறார். செய்பவருக்கும் அனுபவிப்பவருக்கும் இடையே பல மைல் தூரமும், சில வேளைகளிற் பல ஆண்டுகளும் கிடக்கின்றன. ஒருவரையொருவர் கண்டறியாத இவ்விருவருக்கும் இடையிலுள்ள அறவுறவு யாது என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் பிரச்சினையாகும்.

களனி கங்கையை எடுத்துக்கொள்வோம். சிவனொளிபாதமலைப் பிரதேசத்தில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வடக்கே கடலோடு கலக்கும் இக்கங்கை, ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர் நிலத்தின் நீரைச் சுமந்து வருகிறது. அதன் தலைப்பகுதியில் கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் தேயிலைத் தோட்டங்களுக்கூடாக இறங்கி வருகின்றன. அடிப்பகுதியில் தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும், அவற்றை அண்டி வாழும் ஏழைகளின் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படும் இதன் நீரையே கொழும்பு மாநகரத்தின் பெரும்பகுதி குடிக்கிறது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளி, இடைநாட்டுச் சிங்கள விவசாயி, மட்டக்குளியின் தமிழ், முஸ்லிம் கூலித் தொழிலாளி ஆகிய அனைவரையும் ஒரே விதியிற் பிணைத்திருப்பது இந்த நீர்.

ஆறு என்றதும் இரு கரைகளுக்கிடையே ஓடும் நீரை மட்டுமே நாம் எண்ணுகிறோம். ஆயின், பெருமழைக் காலத்தில் அது எவ்வளவு தூரம் விரிகிறதோ அவ்வளவு தூரமும் ஆறுதான். தாழ்ந்த வெளிகளும் சதுப்பு நிலங்களும் வெள்ளத்தை ஏந்தி வைத்திருந்து மெல்ல மெல்ல வடியவிடுகின்றன. சிங்களவர் கும்புக் என்றழைக்கும் மருதமரம் கரையோரத்தில் வேரோடி மண்ணைப் பிடித்து நிற்கிறது. அம்மரத்தைத் தறித்து, வெளியை மண்ணிட்டு நிரப்பி, அதன்மேல் மதில் எழுப்பும்போது, அங்கே தங்கியிருக்க வேண்டிய நீர் மறைந்துவிடுவதில்லை. அயலானின் முற்றத்துக்குப் போகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழி. ஆற்றோரத்தில் மண்ணைப் போடுவோர் தம் காணியின் எல்லையைக் கவனமாக அளக்கின்றனர். தாம் வெளியேற்றிய நீரை அளப்பாரில்லை.

கொழும்பில் நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவுகோல் இங்கு நம் சிந்தனைக்குரியது. 1947 ஓகஸ்டில் வந்த பெருவெள்ளத்தின்போது அங்கு நீர் 12 அடிக்கு மேல் உயர்ந்தது. 2016 மே மாத வெள்ளத்தின்போது அது 8 அடியைத் தொடவில்லை. எனினும் அவ்வாண்டிலே கொலன்னாவையிலும் கடுவலையிலும் பல்லாயிரக்கணக்கான மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. ஓரிடத்து அளவை மட்டும் கொண்டு இரு வெள்ளங்களையும் முழுமையாக ஒப்பிடுதல் தகாது. ஆயினும், இடைப்பட்ட 69 ஆண்டுகளிலே கரை எவ்வளவு மாறிவிட்டது என்பதை அந்த எண்கள் உணர்த்துகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் அதே பாடத்தை மிகக் கொடூரமாக மீண்டும் கற்பித்துச் சென்றது. மழை இயற்கையின் செயல். அம்மழை யாருடைய வீட்டுக்குள் புகவேண்டும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது மனிதரின் செயல்.

சட்டம் இல்லாமையால் இந்நிலை ஏற்பட்டதா? அவ்வாறு சொல்வதற்கில்லை. வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1924ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1947ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம் பொது நீரோடைகளுக்கும் அவற்றின் கரையோர ஒதுக்கங்களுக்கும் இடமளித்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான ஒழுங்குவிதிகள், எத்தகைய கருத்திட்டங்களுக்குச் சுற்றாடல் அங்கீகாரம் வேண்டும் என்று பட்டியலிட்டன. அவற்றிலே ஒரு நுட்பமான விதி உண்டு. பொதுவாக, 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டலுக்கே இவ்வங்கீகாரம் தேவை. ஆனால், தன் போக்கில் எவ்விடத்திலேனும் 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது நீரோடை ஒன்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் அது அமையுமாயின், அறைகளின் எண்ணிக்கை எதுவாயினும் அங்கீகாரம் பெற்றே ஆகவேண்டும். ஆற்றங்கரையிலே சிறியது என்று எதுவும் இல்லை என்பதை இவ்விதியை எழுதியோர் அறிந்திருந்தனர்.

அறிந்தும் என்ன? நடைமுறையில் ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. ஒரு களஞ்சியம், ஒரு விடுதி, ஒரு வாகனத் தரிப்பிடம். தனியே நோக்கின், இவற்றுள் எதுவும் வெள்ளத்தை வரவழைக்கப் போதியதன்று. ஆகவே ஒவ்வொன்றுக்கும் அனுமதி வழங்குவது நியாயமாகவே தோன்றும். ஆறோ அனைத்தையும் கூட்டியே கணக்கெடுக்கிறது. ஆயிரம் சிறு அனுமதிகள் சேர்ந்து ஒரு பேரழிவாகும்போது, குற்றவாளி எவன் என்று கேட்டால் விடையில்லை. கட்டியவர் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுகிறார். அனுமதித்த உத்தியோகத்தர் விதியைக் காட்டுகிறார். விதியை இயற்றியவர்கள் மழையைக் காட்டுகிறார்கள். எல்லோரும் சட்டப்படி நடந்தனர். கீழே ஒரு குழந்தை நீரில் மூழ்கியது. தனிமனிதனின் எண்ணத்தையும் செயலையும் மட்டுமே எடைபோட்டுப் பழகிய நம் ஒழுக்கவியலுக்கு இது பெரும் சவாலாகும். சமூகமாகச் செய்யும் தீங்குக்குச் சமூகமாகப் பொறுப்பேற்கும் முறையொன்றை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

ஆற்றுமணல் இதற்கு மற்றோர் உதாரணம். கட்டடம் எழும்ப மணல் வேண்டும். மணல் அள்ளவும் அனுமதிப்பத்திரம் உண்டு. களனியின் படுகையிலிருந்து மிதமிஞ்சி மணல் அகழப்பட்டதால் படுகை தாழ்ந்தது. படுகை தாழவே, வரட்சிக் காலத்திற் கடலின் உப்புநீர் ஆற்று வழியே மேலேறி அம்பத்தலைவரை அச்சுறுத்தியது. குடிநீரைக் காப்பதற்கு ஆற்றுக்குக் குறுக்கே உவர்நீர்த் தடுப்பு அமைக்க நேர்ந்தது. நீரில் மூழ்கி மணலை வாரியெடுத்தவன் அன்றாடக் கூலிக்காரன். அதில் இலாபம் கண்டவர் வேறு. தடுப்புக்கான செலவைச் சுமந்தது பொதுமக்களின் பணம். இலாபம் தனியாருக்கு, நட்டம் சமுதாயத்துக்கு என்ற பழைய நியதியே இங்கும் செயற்படுகிறது.

இனி, அனுமதி கேட்கவே இயலாதவரின் நிலையை நோக்குவோம். விண்ணப்பத்தில் முதலிற் கேட்கப்படுவது காணி உறுதி. கங்கையின் தலைப்பில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலையை வளர்த்த மக்களில் மிகப் பெரும்பாலோர்க்குத் தாம் வாழும் லயத்து அறைமீதே உரிமை இல்லை. கங்கையின் அடியில், வெள்ளத் தடுப்பு அணைக்கும் நீருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வாழ்வோர் பலருக்கும் உறுதி இல்லை. உறுதி இல்லாதவனுக்கு விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாதவனுக்கு மறுப்புக்கூட இல்லை. சட்டத்தின் மொழியில் அவனுக்குள்ள ஒரே பெயர் அத்துமீறிக் குடியேறியவன் என்பது. உறுதியும் வரைபடமும் சட்டத்தரணியும் வைத்திருப்பவர் அதே கரையில் மாடி எழுப்பினால் அவர் முதலீட்டாளர் எனப்படுகிறார். ஆற்றுக்கு இவ்வேறுபாடு தெரியாது. உண்மையில், தூண்மேல் நிற்கும் பலகைக் குடிசையைவிட மண்ணிட்டு உயர்த்திய கொங்கிறீற் தளமே வெள்ளத்தை அதிகம் தடுக்கிறது. ஆயினும் வெள்ளம் வடிந்த மறுவாரம் புல்டோசர் எத்திசை நோக்கிச் செல்லும் என்பதை வாசகர் அறிவர்.

இங்கே சில நண்பர்கள் இடைமறித்து, ஏழைகள் கரையிலே வாழவேண்டும் என்கிறீர்களா என்று கேட்கக்கூடும். அவ்வாறன்று. வெள்ளம் வரும் இடத்தில் எவரையும் வாழவிடுவது கருணையாகாது. ஆனால், வேறிடம் கொடுக்காமல், தொழிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எட்டும் தூரத்தில் வீடு தராமல், சுற்றாடலின் பெயரால் அவர்களை அகற்றுவது நீதியுமாகாது. அவர்கள் கரைக்கு வந்தது காட்சி இன்பத்துக்காக அன்று. மேட்டு நிலம் விலைப்பட்டுப் போனதால். மறுபுறத்தில், தொழில் பெருகும், நாடு வளரும், ஆகவே கரையை விட்டுக்கொடுங்கள் என்போரும் உளர். தொழில் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அத்தொழிலாளியின் வீட்டை ஆண்டுதோறும் வெள்ளத்துக்கு ஒப்படைக்கும் வளர்ச்சி யாருடைய வளர்ச்சி என்று கேட்பதே நமது கடமை.

அப்படியாயின் அனுமதி வழங்கும் அரசு எந்த உரிமையால் அதனை வழங்குகிறது? கரையின் சொந்தக்காரன் என்ற உரிமையாலா? 1997இல், தன்யூப் நதியில் அணை கட்டுவது பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எழுந்த வழக்கிலே, சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசர்களுள் ஒருவராயிருந்த நம் நாட்டவர் வீரமந்திரி தனியாக ஒரு தீர்ப்புரை எழுதினார். அபிவிருத்தியையும் இயற்கையையும் இணக்குவதற்கு இலங்கையின் பண்டைய குளங்களை அவர் எடுத்துக்காட்டினார். மன்னன் நிலத்தின் காவலனே அன்றி உடைமையாளன் அல்லன் என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாக வரும் மரபையும் நினைவூட்டினார். 2000இல், எப்பாவல பொசுபேற்று வழக்கிலே இலங்கை உயர் நீதிமன்றமும் அதே வழிநின்று, இயற்கை வளங்களைப் பொறுத்து அரசு மக்களின் சார்பிலான பொறுப்பாளரே என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது. அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையும் சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, அத்தகைய கோட்பாடுகளை நீதிமன்றத்தில் உரிமையாகக் கோர முடியாது என்று கதவைச் சாத்துகிறது.

பொறுப்பாளர் என்ற சொல்லை நாம் மெய்யாகவே ஏற்போமாயின், அனுமதிப்பத்திரத்தின் தன்மையே மாறிவிடும். விண்ணப்பதாரரும் உத்தியோகத்தரும் முடித்துக்கொள்ளும் இருவர் அலுவலாக அது இருக்க முடியாது. கந்தோரில் இல்லாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆற்றின் கீழே வாழ்பவர்; இன்னும் பிறவாதவராகவும் இருக்கலாம். அவருடைய பொருளை எடுத்தே முன்னவருக்குக் கொடுக்கிறோம். ஆதலின், அவர் கேட்டிருந்தால் இணங்கியிருப்பாரா என்பதே ஒவ்வோர் அனுமதிக்கும் உரைகல்லாதல் வேண்டும். அக்கரையில் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட அனுமதிகள் யாவும் சேர்த்து எண்ணப்படல் வேண்டும். செல்வந்தர் மீறினாலும் வறியவர் மீறினாலும் அளவுகோல் ஒன்றாயிருத்தல் வேண்டும். அகற்றப்படும் வறியவருக்கு மாற்றுக் காணி முன்கூட்டியே கையளிக்கப்படல் வேண்டும்.

இவை தாமாக வந்து சேரா. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒவ்வொன்றும் பொதுமக்களின் பார்வைக்கென 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அறிவித்தல் பத்திரிகையில் வருகிறது. பல நூறு பக்கங்கள் கொண்ட அறிக்கையைக் கந்தோர் திறந்திருக்கும் வேளையிற் சென்று படிப்பதற்கு நாட்கூலிக்காரனால் இயலாது. ஒரு நாள் போனால் ஒரு நாள் உலை போகும். படித்தவர்களோ அந்த அறிவித்தலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. முப்பது நாள் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். கரையோரத்துப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்களும், பல்கலைக்கழக மாணவர்களும் அந்த அறிக்கையைப் பெற்றுப் படித்து, அதில் யாருடைய வாசலுக்கு நீர் போகிறது என்பதைக் கண்டறிந்து, அவ்வாசலில் வாழ்பவருக்கு அவருடைய மொழியிலே விளக்கி, அவரது ஆட்சேபத்தை எழுத்தில் இட்டுக் கொடுப்பார்களாயின், இல்லாதிருந்த மூன்றாமவர் முதன்முறையாகக் கந்தோருக்குள் நுழைவார்.