வெள்ளம் எதுவரை வந்தது?

கம்பம்மெட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே சரிவது கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் கலக்கிறது. மேற்கே சரிவது பெரியாற்றுக்குப் போகிறது. விடிந்தும் விடியாமலும் அந்த மெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் போகின்றன. மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், ஓடைப் பாலத்தை ஒரு நொடியில் கடந்துவிடுவார்கள். அந்த ஒரு நொடிக்குப் பொறுப்பு பாலம் வடிவமைக்கும் எங்களுடையது.

பாலம் என்றதும் எல்லோருக்கும் லாரியின் பாரம்தான் நினைவுக்கு வரும். பாரத்துக்கு விதிநூல் இருக்கிறது. எந்த வண்டிக்கு எவ்வளவு பாரம் என்று அதில் வகுத்துவைத்திருக்கிறார்கள். ஆறுதான் எங்களைத் தூங்கவிடாது. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று, மண்ணை அரித்து, அஸ்திவாரத்தை அந்தரத்தில் விட்டுவிடும். ஆகவே கணக்கு கரையில் தொடங்குகிறது. அளவுப் பதிவேடு இல்லாத ஓடைக்கு, பக்கத்தில் குடியிருக்கும் முதியவரே பதிவேடு. "பாட்டி, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்போம். அவர் சுவரில் கைவைத்துக் காட்டும் உயரத்தை அளந்து, உச்ச வெள்ள மட்டம் என்று வரைபடத்தில் குறிப்போம்.

1924-இல் வந்த பெருவெள்ளம் பழைய மூணாறு சாலையை அழித்தது. அதன் பிறகு புதுப் பாதைக்காகப் பெரியாற்றின் மேல் நேரியமங்கலத்தில் எழுந்த வளைவுப் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. வெள்ளத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை கட்டிய பாலம் அது, இன்றும் நிற்கிறது.

செறுதோணியில் நடந்தது வேறு. 1992-க்குப் பின் 26 ஆண்டுகள் அங்குள்ள அணையின் மதகு திறக்கவில்லை. கீழே ஆறு வறண்டு கிடந்தது. ஆற்றுப்படுகையில் பேருந்து நிலையமே வந்தது. 2018 ஆகஸ்ட் 9-இல் ஒரு மதகு திறந்தது, மறுநாள் ஐந்தும் திறந்தன. அணைக்குக் கீழே இருந்த பாலம் மூழ்குவதற்குச் சற்றுமுன், மீட்புப் படை வீரர் ஒருவர் நோயுற்ற குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அதன்மேல் ஓடிக் கரையேறினார். பாலம் பிழைத்தது, அணுகுசாலையை ஆறு கொண்டுபோயிற்று.

ஆறு தன் வழியை மறப்பதில்லை. மறப்பது நாம். பாட்டி போன பின்பும் அவர் கைகாட்டிய உயரம் எங்கள் கையெழுத்துக்கு மேலே எண்ணாக நிற்க வேண்டும். ஜீப்பில் போகிறவர்கள் நாளையும் அந்தப் பாலத்தைக் கவனிக்காமலே கடக்கட்டும்.