விரல் இறங்கும் இடம்

ஆபீஸ் கிளம்பும் முன் அரை மணி நேரம் எனக்கென்று எழுதுவது பல வருஷப் பழக்கம். அசோக் நகர் மெட்ரோ பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியிருக்கும். கையருகே காபி, மடியில் லேப்டாப். அந்த நேரத்துச் சுகத்தில் பாதி எழுதும் விஷயத்தில் இருக்கிறது. மீதிப் பாதி தட்டும் விசையில் இருக்கிறது.

வெகுகாலம் நானும் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித்தான் தமிழ் எழுதினேன். ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புதிதாக எதையும் கற்க வேண்டாம். அந்த வழி இருப்பதால்தான் எத்தனையோ பேர் தமிழில் எழுதுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனசில் தமிழாகத் தோன்றிய சொல், விரலில் ஆங்கிலமாகி, திரையில் மறுபடி தமிழாகிறது. சொந்த வீட்டுக்குள் பக்கத்து வீட்டு வாசல் வழியாக நுழைவது போல் இருந்தது எனக்கு.

பிறகுதான் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் 12, அகரமேறிய மெய் 18, புள்ளிக்கு ஒன்று. இந்த 31 விசையில் 247 எழுத்தும் அடங்கிவிடுகின்றன. உயிரெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் 'அம்மா'. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் தானே புள்ளி விழும். ங-வை அடுத்து க, ஞ-வை அடுத்து ச வந்தாலும் அப்படித்தான்: தங்கம், மஞ்சள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இன எழுத்து, இத்தனை வருஷம் கழித்து விரலில் வந்து உட்கார்ந்தது.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆனது. அக்கா டைப்ரைட்டிங் வகுப்பில் 'யளனகபக' என்று பக்கம் பக்கமாக அடித்துப் பழகியது ஞாபகம் வந்தது. அந்த விசை வரிசை வேறு. ஆனால் பொறுமை ஒன்றுதான்.

இப்போது வாங்கும் சாதனம் ஒவ்வொன்றும், எதையும் கற்க வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. எல்லாவற்றையும் கற்க நமக்கு நேரமும் இல்லை. ஆனால் தினமும் கைபடும் ஏதாவது ஒன்றையாவது உட்கார்ந்து பழக வேண்டும். பழகாமல் கிடைப்பது வசதி. சுகம் பழகிய பிறகே கிடைக்கிறது. அந்தச் சுகம்தான் வேலை நேரத்தையும் நம்முடைய நேரமாக்குகிறது.

இன்று காலை 'மழை' என்று எழுதினேன். ம, ழ, ஐ. ழ இருப்பது கீழ் வரிசையின் வலது ஓரத்தில். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் தானே அங்கே இறங்கியது.